இரவு கண்விழித்தவர் வண்டி ஓட்டலாமா?

காலை ஆறு மணிக்கு எங்கள் உள்நோயாளிப் பிரிவுகளில் நாள்தோறும் ஒரு காட்சியைக் காண்கிறோம். இரவெல்லாம் தாயின் கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்திருந்த மகன், மாற்று ஆள் வந்ததும் முகம் கழுவி, காலி பிளாஸ்க்கையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு, பைக் சாவியுடன் படியிறங்குகிறார். வீட்டில் குளித்துவிட்டு ஒன்பது மணிக்கு அலுவலகம் சேர வேண்டும். தாயின் இரத்த அழுத்தத்தைத் தவறாமல் குறித்துவைக்கும் நாங்கள், மகன் எத்தனை மணி நேரமாக விழித்திருக்கிறார் என்று கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான டாசனும் ரீடும் 1997-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். 40 பேரை ஒருமுறை உறங்கவிடாமல் விழித்திருக்கச் செய்தனர். மற்றொருமுறை அவர்களுக்கே அளவறிந்து மது கொடுத்தனர். இரு நிலைகளிலும் கண்ணும் கையும் இணைந்து இயங்கும் திறனை அளந்து ஒப்பிட்டனர். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் தடுமாற்றத்துக்கு ஒப்பாக இருந்தது. 24 மணி நேரம் கடந்தபோது அது 0.10 விழுக்காட்டு நிலையை எட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல், அதாவது 0.03 விழுக்காட்டுக்கு மேல், மது இருந்தாலே குற்றம் என்கிறது. நேற்றுக் காலை ஆறு மணிக்கு எழுந்த அந்த மகன் ஒரு சொட்டு மதுவும் தொடாதவர். ஆயினும் அந்த வரம்பைப்போல் மூன்று மடங்கு அருந்தியவரின் நிலையில் சாலைக்கு வருகிறார். எந்த மூச்சுச் சோதனைக் கருவியும் அவரைத் தடுக்காது.

அமெரிக்காவில் ஏஏஏ போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே உறுதிசெய்தது. ஏழு மணி நேரமாவது உறங்கியவரோடு ஒப்பிட, முந்தைய 24 மணி நேரத்தில் நான்கு மணிக்கும் குறைவாக உறங்கிய ஓட்டுநரின் விபத்து வாய்ப்பு 11.5 மடங்கு. இது நான்கு சக்கர வாகனங்களில் கண்ட கணக்கு. பைக்கிலோ நம்மைச் சுற்றிக் கூடு இல்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் செருகினால், வண்டி சுமார் 42 மீட்டர் தானாக ஓடியிருக்கும்.

"காற்று முகத்தில் பட்டால் தூக்கம் கலைந்துவிடும்" என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ரெய்னரும் ஹார்னும் இதைச் சோதித்தனர். குளிர்காற்றும் வானொலியும் சிறிது நேரமே உதவின. காபியும் 15 நிமிடத்துக்கு உட்பட்ட குட்டித் தூக்கமும் சேர்ந்தபோதுதான் பிழைகள் நன்கு குறைந்தன. காபியை முதலில் குடித்துவிட்டே படுக்க வேண்டும்; அது வேலை செய்ய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். இதுவும் இழந்த இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. இரவு முழுவதும் விழித்தவர் பேருந்திலோ ஆட்டோவிலோ செல்வதே தக்கது. (இரவுப் பணி முடித்த செவிலியர்களும் மருத்துவர்களும் அதே வாகன நிறுத்தத்திலிருந்துதான் கிளம்புகிறோம், இவை எங்களுக்கும் பொருந்தும்.)

உடனிருக்க இருவர் உள்ள குடும்பங்கள் இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒருவர் இரண்டு மணி வரை விழித்திருக்க, மற்றவர் உறங்கட்டும், பிறகு மாறிக்கொள்ளட்டும். தனியாக இருப்பவர்கள் கிளம்புமுன் பிரிவுச் செவிலியரிடம் ஒரு சொல் சொல்லுங்கள். சற்று நேரம் தலைசாய்க்க இடம் காட்டுவோம்.