பால் மாடுகளின் கருச்சிதைவு நோய்: பரிசோதனை முடிவை மதிப்பிடும் முறை

நெல்லும் காய்கறியும் பயிரிடும் கமங்களில் இரண்டொரு பசுக்களேனும் இருப்பது வழக்கம். பால் விற்ற பணம் அறுவடை வரையும் வீட்டுச் செலவுக்கு உதவுகின்றது. எரு தோட்டத்துக்குப் பசளையாகின்றது. இத்தகைய கமத்திற் சினைப்பசு ஒன்று உரிய காலத்துக்கு முன் கன்று வீசினால், கன்றும் இல்லை, எதிர்பார்த்த பாலும் இல்லை. அவ்விழப்பு அப்பசுவுடன் நின்றுவிடாது பட்டி முழுவதற்கும் பரவக்கூடும்.

நோயின் இயல்பு

பசுக்கள் கன்று வீசுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முக்கியமான ஒன்று புரூசெல்லா அபோட்டசு என்னும் பற்றீரியாவாகும். இதனை டென்மார்க் தேசத்து மிருக வைத்தியர் பேர்ணாட் பாங் 1897 ஆம் ஆண்டிற் கண்டறிந்து வெளியிட்டார். நோயுற்ற பசு பெரும்பாலும் சினையின் ஐந்தாம் மாதத்துக்குப் பின் கன்று வீசும். வீசிய கன்று, இளங்கொடி, கருப்பையிலிருந்து வடியும் நீர் ஆகியவற்றிற் கிருமிகள் நிறைந்திருக்கும். அவை பட்ட புல்லையும் நீரையும் உட்கொள்ளும் ஏனைய மாடுகள் நோயுறும்.

ஒருமுறை கன்று வீசிய பசு அடுத்த முறை நிறைமாதக் கன்றை ஈனலாம். அப்போது அது சுகமடைந்துவிட்டதெனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. வெளித்தோற்றத்தில் நலமாயிருக்கும் அப்பசு, பாலிலும் அடுத்த ஈற்றின்போதும் கிருமிகளை வெளியேற்றக்கூடும். ஆகவே கண்ணாற் பார்த்து இந்நோயைத் தீர்மானிக்க முடியாது, பரிசோதனை அவசியம். ஆயினும் பரிசோதனை முடிவையும் சரியாக மதிப்பிட அறிந்திருத்தல் வேண்டும்.

பரிசோதனைகள்

1. பால் வளையச் சோதனை: சாயமூட்டப்பட்ட கொல்லப்பட்ட கிருமிக் கரைசலைப் பாலுடன் கலந்து, 37 பாகை செல்சியசு வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைப்பர். பாலில் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் இருந்தால், சாயம் மேலெழும் ஆடையுடன் சேர்ந்து நிற வளையமாகத் தோன்றும். பல மாடுகளின் பாலை ஒன்றாகக் கலந்தும் இதனைச் செய்யலாமாதலால், பட்டி முழுவதையும் குறைந்த செலவிற் கண்காணிக்க இது ஏற்றது.

2. ரோஸ் பெங்கால் சோதனை: இரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரின் ஒரு துளியையும், சாயமூட்டிய கிருமிக் கரைசலின் ஒரு துளியையும் தட்டிற் கலந்து நான்கு நிமிடங்கள் அசைப்பர். எதிர்ப்பொருள் இருந்தால் கலவை சிறு கட்டிகளாகத் திரளும்.

3. உறுதிப்படுத்தும் சோதனைகள்: எலைசா முதலிய இவை ஆய்வுகூடத்தில் நடத்தப்படுபவை. முதற் சோதனையிற் குறிக்கப்பட்ட மாடுகளை மீண்டும் ஆராய்வதற்கு இவை பயன்படும்.

பிழைகள் இருவகை

நெல்லைச் சுளகிற் புடைக்கும்போது நல்ல மணிகள் சில பதருடன் போய்விடும். பதர் சிறிது நெல்லுடன் தங்கிவிடும். பரிசோதனையும் அத்தகையதே. நோயற்ற மாட்டை நோயுற்றதெனக் குறித்தல் ஒரு பிழை. நோயுற்ற மாட்டை நோயற்றதென விடுவித்தல் மற்றொரு பிழை. முதலாவதால் கமக்காரர் நல்ல பசுவை இழக்கின்றார். இரண்டாவதால் நோயைத் தம் கொட்டிலிலேயே வைத்து வளர்க்கின்றார்.

விளக்கத்துக்காக ஒரு சோதனை நோயுற்ற 100 மாடுகளில் 90 ஐக் கண்டுபிடிக்கின்றதென்றும், நோயற்ற 100 மாடுகளில் 5 ஐப் பிழையாகக் குறிக்கின்றதென்றும் கொள்வோம்.

நோய் அரிதாயுள்ள பகுதியொன்றில் 1,000 மாடுகள் உள்ளன. அவற்றில் 20 மாத்திரம் நோயுற்றவை. சோதனை அந்த 20 இல் 18 ஐப் பிடிக்கும். நோயற்ற 980 இல் 49 ஐப் பிழையாகக் குறிக்கும். குறிக்கப்பட்டவை மொத்தம் 67. உண்மையில் நோயுற்றவை 18 மட்டுமே.

அடிக்கடி கன்று வீசும் வேறொரு பட்டியில் 100 மாடுகளில் 40 நோயுற்றவை. அங்கு நோயுற்றவற்றுள் 36 உம், நோயற்றவற்றுள் 3 உம் குறிக்கப்படும். மொத்தம் 39 இல் 36 உண்மையாகவே நோயுற்றவை.

சோதனை ஒன்றே, அதன் முடிவின் பெறுமதியோ வேறு. ஆகவே, முன்னொருபோதும் கன்று வீசாத பட்டியில் ஒரு பசு குறிக்கப்பட்டால் உடனே அதனை விலக்கிவிடாமல், உறுதிப்படுத்தும் சோதனையைக் கேட்க வேண்டும். புடைத்ததை மீண்டும் ஒருமுறை புடைப்பது போன்றது அது. ஆனாற் பல பசுக்கள் கன்று வீசிய பட்டியில், நோயில்லையென வந்த முடிவை மட்டும் நம்பி இருத்தலாகாது. மேற்கூறிய கணக்கில் அந்த 40 இல் 4 மாடுகள் விடுபட்டிருக்கின்றன என்பதை மறத்தலாகாது.

பிழைக்குரிய காரணங்கள்

கிருமி புகுந்தவுடன் எதிர்ப்பொருள் தோன்றுவதில்லை. ஆகையால் அண்மையில் நோய் தொற்றிய பசு சோதனையில் தப்பலாம். ஈற்றுக்கும் கருச்சிதைவுக்கும் அண்மையான நாட்களிலும் அவ்வாறு நிகழ்வதுண்டு. நோயுற்ற தாய்க்குப் பிறந்த நாகுகளிற் சில, முதல் ஈற்று வரையும் எவ்வித அறிகுறியும் காட்டாதிருக்கும்.

மறுபுறம், எஸ் 19 தடுப்பூசி ஏற்றிய மாடுகளிலும் எதிர்ப்பொருள் காணப்படும். உரிய இளவயதில் ஏற்றினால் அது பெரும்பாலும் நாளடைவிற் குறைந்துவிடும். வளர்ந்த மாட்டுக்கு ஏற்றினால் நெடுங்காலம் நிலைத்திருக்கலாம். கடும்புப் பாலும், மடி அழற்சியுள்ள பசுவின் பாலும், பால் வற்றும் காலத்துப் பாலும் வளையச் சோதனையிற் பிழையான முடிவைத் தரக்கூடும். பெரும் பட்டியின் கலப்புப் பாலில் ஒரு பசுவின் நோய் மறைந்துபோதலும் உண்டு.

கமக்காரர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. ஒவ்வொரு பசுவுக்கும் சினைப்பட்ட நாள், ஈன்ற நாள், கன்று வீசிய நாள், தடுப்பூசி ஏற்றிய வயது ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி வைக்கவும். இரத்தம் எடுக்க வரும் மிருக வைத்தியரிடம் அதனைக் காட்டவும். இக்குறிப்பின்றி முடிவை மதிப்பிடுவது கடினம்.

2. புதிதாக வாங்கும் பசுவை வாங்குமுன் சோதிப்பித்து, 30 நாட்கள் தனியே கட்டி, மீண்டும் சோதிப்பிக்கவும். சினைப்பசுவாயின் ஈன்ற பின்னரும் ஒருமுறை சோதிப்பிக்கவும்.

3. கன்று வீசிய பசுவை உடனே பிரித்துக் கட்டி, மிருக வைத்தியருக்கு அறிவிக்கவும். வீசிய கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடலாகாது. வைத்தியர் வேண்டிய மாதிரிகளை எடுத்தபின், எஞ்சியவற்றை நாய்கள் தோண்டாதவாறு ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவும். அவ்வெருவைத் தோட்டத்துக்கு இடலாகாது.

4. நோய் உறுதியான பசுவை அயலவருக்கு விற்கலாகாது. மருந்து கொடுத்து இந்நோயைப் பட்டியிலிருந்து நீக்குதல் நடைமுறைக்கு ஒவ்வாதது. அடுத்து செய்யவேண்டியதை மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி தீர்மானிக்கவும்.

5. சோதனை முடிவு எதுவாயினும் பாலை நன்கு காய்ச்சியே அருந்தவும். தயிருக்கும் காய்ச்சிய பாலையே பயன்படுத்தவும். இக்கிருமி மனிதருக்கும் தொற்றி, விட்டு விட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு நோவையும் உண்டாக்கும். கன்று வீசிய பசுவைக் கையாண்டவருக்குக் காய்ச்சல் கண்டால் அச்செய்தியையும் வைத்தியரிடம் கூற வேண்டும்.

ஒரு சோதனை முடிவைக் கண்டு கலங்கி நல்ல பசுவை இழப்பதும், ஒரு சோதனை முடிவை நம்பி நோயை வளர்ப்பதும் ஒருங்கே தவிர்க்கப்பட வேண்டியவை. சோதனை, மறுசோதனை, குறிப்பேடு ஆகிய மூன்றையும் ஒருங்கு வைத்து முடிவுசெய்யும் கமக்காரரின் பட்டியே நிலைத்த பயன் தரும்.