கியர் பெட்டியைக் கழற்றுமுன் கவனிக்க வேண்டியவை

வாகனம் வைத்திருப்போர் பெரிதும் அஞ்சும் வார்த்தைகளுள் ஒன்று, 'கியர் பெட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்' என்பதாகும். எமது நாட்டில் 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டிய நிலை மக்களுக்கு ஏற்பட்டது. தடை நீங்கிய பின்னரும், வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. இந்நிலையில், கிளச்சில் உள்ள சிறு கோளாறுக்காகக் கியர் பெட்டியைக் கழற்றிச் செலவழிப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நாம் விளக்கத் தேவையில்லை.

இயந்திரத்துக்கும் கியர் பெட்டிக்கும் இடையே இருப்பதே கிளச். இயந்திரத்துடன் சுழலும் கனத்த சில்லின் மீது கிளச் தட்டை, அழுத்தத் தட்டு இறுக்கிப் பிடித்திருக்கும். நாம் மிதியை அழுத்தும்போது அந்தப் பிடி விடுபடுகிறது. காலை எடுத்ததும் மீண்டும் இறுகுகிறது. ஆகவே, கிளச்சின் குறைகள் பிரதானமாக இரண்டு வகைப்படும். ஒன்று, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் வழுக்குவது. மற்றையது, விட வேண்டிய நேரத்தில் முழுமையாக விடாதிருப்பது.

வழுக்குதலை முதலில் உணர்த்துவது ஏற்றமே. கடுகண்ணாவை போன்ற ஏற்றத்தில் உயர்ந்த கியரில் செல்கையில், இயந்திரத்தின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் அது கிளச் வழுக்குவதன் அறிகுறியாகும். கருகிய மணமும் வரக்கூடும். சந்தேகம் இருப்பின், சமதரையில், முன்னே எவரும் இல்லாத இடத்தில், சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைப் பிறேக்கை நன்கு இழுத்து, மூன்றாவது கியரில் இட்டு, கிளச் மிதியை மெதுவாக விடுவித்துப் பார்க்கலாம். நல்ல கிளச் என்றால் இயந்திரம் நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச் வழுக்குகிறது. இச்சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது தட்டைச் சூடாக்கிக் கெடுக்கும். கம்பியால் இயங்கும் கிளச்சாயின், மிதியில் சிறிதளவேனும் தளர்வு உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். கம்பி அளவுக்கு மிஞ்சி இறுகியிருந்தால், தட்டு தேயாமலே வழுக்கும். அதனைச் சரிசெய்யச் சில நிமிடங்களே போதும்.

கிளச் முழுமையாக விடாதபோதுதான் கியர் பெட்டியின் மீது வீண்பழி விழுகின்றது. கியர் விழ மறுக்கும். பின்செல்லும் கியரை இடுகையில் 'கரகர'வென ஓசை எழும். இதனைப் பிரித்தறியும் வழி மிக எளிது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்க்க வேண்டும். பற்கள் பொருந்தாமல் ஒரு கியர் தடைப்பட்டால், வாகனத்தைச் சற்று அசைத்து மீண்டும் முயலலாம். இயந்திரம் நின்றிருக்கையில் எல்லாக் கியர்களும் இலகுவாக விழுந்து, ஓடுகையில் மட்டும் மறுத்தால், குறை பெரும்பாலும் கிளச்சிலேயே உள்ளது. இரு நிலையிலும் மறுத்தால் மட்டுமே கியர்க் கோலின் இணைப்புகளையும், அதன்பின் கியர் பெட்டியையும் சந்தேகிக்க வேண்டும்.

எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளச்சில், மிதியைப் பலமுறை அழுத்திய பின் கியர் இலகுவாக விழுந்தால், குழாயில் காற்றோ கசிவோ இருக்கின்றது எனக் கொள்ளலாம். மிதியின் மேற்புறத்திலும் கியர் பெட்டியின் அருகிலும் ஈரம் தெரிகிறதா எனப் பார்க்க வேண்டும். பல கார்களில் கிளச்சும் பிறேக்கும் ஒரே கிண்ணத்திலிருந்தே எண்ணெயைப் பெறுகின்றன. எனவே, அக்கிண்ணத்தில் எண்ணெய் குறைவதை அலட்சியம் செய்வது உயிராபத்தை விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும்.

ஓசையும் ஒரு வழிகாட்டியே. மிதியை அழுத்தும்போது மட்டும் எழும் ஓசை, கிளச்சை விடுவிக்கும் பெயாரிங்கின் தேய்வைக் காட்டுகிறது. நியூட்ரலில், மிதியில் கால் வைக்காதபோது ஒலித்து, மிதியை அழுத்தியதும் மறைந்துவிடும் ஓசை பெரும்பாலும் கியர் பெட்டியின் உள்ளே உள்ள பெயாரிங்கைச் சுட்டும். குறிப்பிட்ட ஒரு கியருக்கு மாற்றும்போது மட்டும் உராய்வு எழுந்தால், அந்தக் கியரின் வேகத்தை இசைவுபடுத்தும் வளையம் தேய்ந்திருக்கலாம். ஓடும்போது கியர் தானாகவே விலகுமாயின் அதனைப் பிற்போடலாகாது. ஆனால் இவற்றிலும், கியர் எண்ணெயின் அளவையும் தரத்தையும் முதலில் பரிசோதிப்பதே முறை. தயாரிப்பாளர் குறிப்பிடாத எண்ணெய் அவ்வளையங்களுக்கே கேடு விளைவிக்கக்கூடும்.

புறப்படுகையில் வாகனம் அதிர்ந்தால், கிளச் தட்டில் எண்ணெய் படிந்திருக்கலாம். இயந்திரத்தைத் தாங்கும் இறப்பர் தாங்கிகள் பழுதடைந்திருக்கவும் கூடும். எண்ணெய் எங்கிருந்து கசிகிறது என்பதைக் கண்டறியாமல் புதிய தட்டைப் பொருத்தினால், அதுவும் விரைவிலேயே பழுதடையும். கியர் பெட்டியைக் கழற்றுவது தவிர்க்க முடியாததாயின், தட்டு, அழுத்தத் தட்டு, பெயாரிங் மூன்றையும் ஒருசேர மாற்றுவதே சிக்கனம். ஏனெனில், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கழற்றினால் கூலியைப் பலமுறை கொடுக்க நேரிடும்.

இக்குறைகளிற் பலவும் சாரதிகளாகிய எமது பழக்கத்தால் விளைபவை. மிதியின் மீது காலை ஓய்வாக வைத்து ஓட்டுவதும், ஏற்றத்தில் கைப் பிறேக்கை இழுக்காமல் கிளச்சினாலேயே வாகனத்தை நிறுத்தி வைப்பதும் தட்டின் ஆயுளைக் குறைக்கின்றன. சாரதிப் பயிற்சிப் பாடசாலைகள் இதனை ஆரம்பத்திலேயே வலியுறுத்த வேண்டும்.

திருத்துநரின் அனுபவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், 'கியர் விழவில்லை' என்று மட்டும் கூறுபவரை விட, எந்தக் கியரில், எந்நேரத்தில், இயந்திரம் ஓடுகையிலா நின்றிருக்கையிலா என விபரமாகக் கூறுபவருக்கே சரியான திருத்தம் கிடைக்கும். வாகனத்தை ஒப்படைக்கும் முன்னர் இச்சோதனைகளைச் செய்து, கண்டதைக் குறித்து வைத்துக்கொள்வது உரிமையாளரின் பணத்தையும் திருத்துநரின் நேரத்தையும் ஒருங்கே காப்பாற்றும்.