'ஒன்னுமில்லீங்க' என்று எழுந்தவர்

பல்லடம் சாலையில் பைக் சறுக்கி ஒருவர் விழுகிறார். கூட்டம் கூடுகிறது. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "ஒன்னுமில்லீங்க, லேசான அடிதானுங்க" என்கிறார். யாரோ சோடா வாங்கித் தருகிறார்கள். வீட்டுக்குப் போய்ப் படுத்தவர் காலையில் எழுவதில்லை. கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இப்படி ஒரு சாவைக் கேள்விப்படாத ஊர் குறைவு.

காதுக்குச் சற்று முன்னே, நெற்றிப்பொட்டில் மண்டையோடு மிக மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டுத் தமனி கிழிந்தால், எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கத் தொடங்கும். மண்டையோடு விரிந்து இடம் தராது, மூளைதான் நசுங்கும். அதுவரை சில மணி நேரம் ஆள் தெளிவாகவே பேசலாம். அந்தத் தெளிவை நம்பித்தான் உயிரை விடுகிறோம். தலைவலி கூடுவது, வாந்தி, தூக்கக் கலக்கம், ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிவது, காதிலோ மூக்கிலோ ரத்தமோ தெளிநீரோ வடிவது: இவற்றில் ஒன்றிருந்தாலும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். குடித்திருந்தவர் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். 'போதையில தூங்கறான், விடு' என்று படுக்கவைத்துவிடுகிறார்கள். நேரத்தோடு ரத்தக்கட்டியை எடுத்துவிட்டால் பிழைத்து வேலைக்குத் திரும்புகிறவர்கள் ஏராளம். அதனால்தான் இந்தச் சாவுகள் நெஞ்சை அறுக்கின்றன.

ஹெல்மெட்டின் கதையும் ஒரு சாவில்தான் வேர்விட்டது. 1935இல் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட்டின் அவசியத்தை வலியுறுத்தி 1941இல் கட்டுரை வெளியிட்டார். ஹெல்மெட் அணிவதால் சாகும் வாய்ப்பு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைவதாகப் பின்னாளைய ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆனாலும் 2022இல் மட்டும் இந்தியாவில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர்.

நம் ஊரில் ஹெல்மெட் இல்லாமலில்லை. பெட்ரோல் டேங்க் மேல் இருக்கிறது, முழங்கையில் தொங்குகிறது. "பக்கத்துலதானுங்க" என்று பனியன் கம்பெனிக்குக் கிளம்புகிறார்கள். தலையில் போட்டாலும் பட்டையை மாட்டுவதில்லை. மோதிய நொடியில் ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். பின்னால் ஒருக்களித்து அமரும் அம்மாவுக்கு ஹெல்மெட்டே கிடையாது. சட்டம் இருவருக்கும் பொது. பட்டையை மாட்டவும் அதுவே சொல்கிறது.

அடிபட்டுவிட்டால், மருத்துவமனைக்குப் போகச் செலவை நினைத்து யாரும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு, அரசு வகுத்த வரம்புக்குள் இலவச சிகிச்சை உண்டு. அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர், விருப்பமில்லையென்றால் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.