பழைய மசில் காருக்குப் புதுப் பட்டை

1960களின் பிற்பாதியில் அமெரிக்கச் சாலைகளைக் கலக்கிய போர்டு மஸ்டாங், செவ்ரோலே கமாரோ, டாட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோட் ரன்னர் ஆகிய மசில் கார்களின் பின்பாரத்தைத் தாங்கியது லீஃப் ஸ்பிரிங். நம் லாரிப் பட்டறைகளில் பட்டை என்று சொல்கிறார்களே, அதேதான். (போன்டியாக் ஜிடிஓ போன்ற சில கார்களின் பின்புறத்தில் சுருள் ஸ்பிரிங் இருந்தது, அவற்றுக்கு இங்கே சொல்வது பொருந்தாது.) அரை நூற்றாண்டுக்கு மேல் பாரம் சுமந்த பட்டை வளைவு இழந்து உட்கார்ந்துவிடும். காரின் பின்பக்கம் தாழும். ஒரு பக்கம் மட்டும் சாய்வதும் உண்டு. அப்போது புதிது வாங்கியே ஆக வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

சுருள் ஸ்பிரிங் பாரத்தை மட்டும் தாங்கும். அச்சை அதன் இடத்தில் நிறுத்தத் தனிக் கம்பிகள் உண்டு. இந்தக் கார்களில் அப்படி எதுவும் இல்லை. பாரம் சுமப்பது, அச்சு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் நகராமல் பிடிப்பது, எஞ்சினின் முறுக்குவிசையைத் தாங்குவது எல்லாமே பட்டையின் வேலை. ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதித்தால், சக்கரம் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் அச்சு திரும்பப் பார்க்கும். அதனால் பட்டையின் முன்பாதி மேல்நோக்கியும் பின்பாதி கீழ்நோக்கியும் வளைந்துகொள்ளும். டயர் வழுக்கிய கணத்தில் அது படீரென்று நிமிரும், மறுபடி வளையும். சக்கரம் தடதடவெனக் குதிப்பது இதனால்தான்.

1967 கமாரோவில் பக்கத்துக்கு ஒற்றைப் பட்டைதான். பெரிய வி8 எஞ்சினோடு சேர்ந்தபோது அது இப்படிக் குதித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் வைத்தார்கள். திறன் மிகுந்த வகைகளுக்குப் பல பட்டைகள் கொண்ட அடுக்கைக் கொடுத்தார்கள். டாட்ஜ், பிளிமத் கார்களைத் தயாரித்த கிரைஸ்லரின் பொறியாளர்கள் போன வழி இன்னும் புத்திசாலித்தனமானது. அவர்கள் அச்சைப் பட்டையின் நடுவில் வைக்கவில்லை, முன்னால் தள்ளிப் பொருத்தினார்கள். குட்டையான முன்பகுதி விறைப்பாக நின்று முறுக்கைத் தடுக்கும். நீண்ட பின்பகுதி குலுக்கலை வாங்கிக்கொள்ளும். டிராக் பந்தயத்துக்கென அந்நிறுவனம் விற்ற சூப்பர் ஸ்டாக் பட்டைகளில் இடமும் வலமும்கூட வெவ்வேறு. புறப்படும்போது எஞ்சினின் முறுக்கு வலப் பின்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும் என்பதே காரணம். இவற்றை இடம் மாற்றிப் பூட்டினால் கார் கோணலாக நிற்கும்.

கடைக்காரர் முதலில் சொல்வது பட்டைகளின் எண்ணிக்கையை. அதை நம்பி வாங்குவது சரியல்ல. பட்டையின் அகலமோ எண்ணிக்கையோ இரட்டித்தால் விறைப்பும் இரட்டிக்கும், அவ்வளவே. தடிமன் அப்படியல்ல, விறைப்பு அதன் மும்மடிக்கு ஏற்ப ஏறும். பத்து சதவீதம் தடித்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். நீளம் கூடினால் அதே மும்மடிக் கணக்கில் விறைப்பு குறையும். ஆகவே நான்கு தடித்த பட்டைகள் ஆறு மெல்லிய பட்டைகளைத் தோற்கடிக்கலாம். கேட்க வேண்டியது, ஓர் அங்குலம் அமுங்க எத்தனை பவுண்டு தேவை என்ற எண்ணை. இந்த எண் 120 என்று கொள்வோம். 60 லிட்டர் பெட்ரோல் நிரப்பினால் ஏறும் எடை சுமார் 45 கிலோ, அதாவது 100 பவுண்டு. பக்கத்துக்கு 50 பவுண்டு என்று வைத்தால் பின்பக்கம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கும். உயரத்தை அளக்கும்போது டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டியது இதற்காகத்தான்.

விறைப்பு வேறு, வளைவு வேறு. கார் நிற்கும் உயரம் பெரும்பாலும் வளைவைப் பொறுத்தது. பின்பக்கம் தாழ்ந்துவிட்டதே என்று விறைப்பான பட்டையைத் தேடுவது பரவலான தவறு. இந்தக் கார்களில் பாதிக்கு மேற்பட்ட எடை முன்னால்தான். லேசான பின்பக்கத்துக்கு முரட்டுப் பட்டை போட்டால் மேடுபள்ளத்தில் துள்ளும். வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்கள் முதலில் பிடியை இழக்கும். ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு மட்டும் ஓடும் காருக்குத் தொழிற்சாலை அளவிலேயே புதுப் பட்டை போதும்.

பழையதையே வளைத்துத் தரும் பட்டறைகளும் உண்டு. பட்டையின் எஃகில் சுமார் 0.6 சதவீதம் கரியும் 0.8 சதவீதம் குரோமியமும் இருக்கும். அரிவாள் அடிக்கும் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையைத் தேடி வாங்குவதும் இந்த எஃகின் உறுதிக்காகத்தான். அந்த உறுதி, எண்ணெயில் குளிரவைத்துப் பிறகு பதமாகச் சூடேற்றுவதால் வருகிறது. வெறுமனே தட்டி வளைத்தால் சில மாதங்களில் மறுபடி உட்கார்ந்துவிடும். கூடுதலாக ஒரு பட்டை சேர்த்தால் உயரத்தோடு விறைப்பும் ஏறும். பட்டையின் பின்முனையைக் காரோடு இணைக்கும் சேக்கிளை நீளமானதாக மாட்டி உயர்த்துவது மலிவான வழி. ஆனால் பக்கவாட்டு ஆட்டம் கூடும். 1981இல் சில கார்வெட் கார்களில் கண்ணாடியிழைப் பட்டை வந்து ஏறத்தாழ 15 கிலோ எடையை மிச்சப்படுத்தியது. எனினும் பழைமை மாறாத மீட்டெடுப்புக்கு எஃகே பொருத்தம்.

வாங்குமுன் அகலம், இரு முனைகளிலும் உள்ள கண்களுக்கு (வளையங்களுக்கு) இடையிலான நீளம், முன்கண்ணிலிருந்து நடு போல்ட் வரையிலான தூரம் ஆகியவற்றைப் பழைய பட்டையில் அளந்து ஒப்பிட வேண்டும். பட்டையை எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். கண்ணுக்குள் பொருத்தும் புஷ்களில் ரப்பர் புஷ் ஓசையின்றி உழைக்கும். பாலியூரித்தேன் புஷ்ஷுக்குக் கிரீஸ் இல்லாவிட்டால் கிறீச்சிடும். பட்டையை அச்சோடு பிணைக்கும், நீண்டு தளர்ந்த பழைய யு-போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது. கண் போல்ட்டுகளை முழுவதுமாக முறுக்குவது கார் தரையில் நின்று பாரம் இறங்கிய பிறகுதான். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் முறுகியே கிடந்து சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டை சற்று அமரும். அப்போது யு-போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்து இறுக்கிவிட வேண்டும்.