சாலையும் கணக்கும்

விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் இடையே, கரிசல் காட்டின் நடுவே அமைந்தது மல்லாங்கிணறு என்னும் பேரூர். கோடையில் அப்பக்கத்து நிலம் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் மழை இறங்கினால், அதே மண் நீரைக் குடித்துப் பருத்துக் குழைந்துவிடும். பருத்திக்குத் தாயாக விளங்கும் இம்மண் சாலைக்குப் பகையாகும். ஆண்டுதோறும் சுருங்கியும் விரிந்தும் அசையும் மண்ணின்மேல் போட்ட தார் எவ்வாறு பிளவுபடாமல் இருக்கும்?

பிளந்த சாலையைச் செப்பனிட வேண்டியவர் யார்? ஊருக்குள் உள்ள தெருக்கள் பேரூராட்சியின் பொறுப்பு. சுற்றுக் கிராமங்களின் இணைப்புச் சாலைகள் பல ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்தவை. பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. 1943ஆம் ஆண்டு நாகபுரியில் கூடிய பொறியாளர்கள், தேசிய நெடுஞ்சாலை முதல் கிராமச் சாலை வரை நம் நாட்டுச் சாலைகளை வகைப்படுத்தினர். அவ்வகையை ஒட்டியே ஒவ்வொரு சாலையும் ஒரு பதிவேட்டில் ஏறுகிறது. அதன் நீளம், அகலம், போட்ட ஆண்டு, கடைசியாகப் பழுது பார்த்த ஆண்டு ஆகியவை அதில் இருக்கும். ஏட்டில் ஏறாத சாலைக்குப் பணம் ஒதுக்குவது கடினம்.

அடுத்தது போக்குவரத்துக் கணக்கு. ஆண்டுக்கு இருமுறையேனும், ஏழு நாட்கள் இரவும் பகலும் தொடர்ந்து வண்டிகளை எண்ண வேண்டும் என்பது இந்தியச் சாலைப் பேரவையின் நெறி. ஒரு முறை அறுவடைக் காலத்திலும், மற்றொரு முறை வண்டி குறைந்த காலத்திலும் எண்ணுவர். எண்ணிக்கை மட்டும் போதாது. எடையும் தெரிய வேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சோதனை ஓர் உண்மையைக் காட்டியது. அச்சின்மேல் உள்ள பாரம் இரு மடங்கானால், சாலைக்கு நேரும் சேதம் இரு மடங்கன்று. ஏறக்குறைய பதினாறு மடங்கு! அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய ஒரு லாரி செய்யும் கேட்டை ஆயிரம் மிதிவண்டிகளும் செய்யா.

சாலையின் வலிமையை அளக்கவும் ஒரு வழி உண்டு. 1953ஆம் ஆண்டில் பெங்கல்மன் என்னும் பொறியாளர் ஏறக்குறைய 12 அடி நீளமுள்ள ஒரு கோலை அமைத்தார். பாரம் ஏற்றிய லாரியின் இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே அதன் நுனியை வைப்பர். லாரி நகர்ந்ததும், அமுங்கியிருந்த சாலை எத்தனை மில்லிமீட்டர் எழுகிறது என்று கடிகாரமுள் காட்டும். மிகுதியாக எழுந்தால், அடித்தளம் வலுவற்றது என்பது பொருள்.

இங்கேதான் கரிசல் மண் நம்மை ஏமாற்றக் கூடும். சித்திரையில் அளந்தால் மண் கல்லாக இருக்கும். சாலை நலமென்று கணக்கு சொல்லும். கார்த்திகையில் அதே சாலை அமுங்கும். ஆதலால் மழைக்குப் பின் அளத்தல் வேண்டும். இல்லையேல் மண்ணின் ஈரத்துக்கேற்ப அளவைத் திருத்திக்கொள்ளல் வேண்டும். உண்மையான எண்ணும், தவறான காலத்தில் எடுக்கப்பட்டால், பொய் சொல்லும்.

2000ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சாலை போட்ட ஒப்பந்தக்காரரே ஐந்தாண்டுகள் அதைப் பேண வேண்டும். பொறியாளர் அவ்விடத்திலேயே கைப்பேசியில் படமெடுத்துப் பதிகிறார். சாலையின் நிலையைப் பொறுத்தே பணம் வழங்கப்படுகிறது.

கையிருப்போ சிறிது. இரண்டு சாலைகளில் ஒன்றைத்தான் செப்பனிட முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் வண்டிகள் மிகுதி. மற்றொன்றில் நாளுக்குச் சில வண்டிகளே. ஆனால் அச்சில வண்டிகளில் ஒன்று பள்ளிப் பேருந்து; மற்றொன்று பிரசவத்துக்குப் பெண்ணை ஏற்றிச் செல்லும் வண்டி. எண்ணிக்கை மட்டும் பார்த்தால் இரண்டாம் சாலை தோற்றுவிடும். ஆகவே எத்தனை பேர் செல்கிறார்கள் என்பதோடு, எதற்காகச் செல்கிறார்கள், வேறு வழி உண்டா என்பனவும் ஏட்டில் ஏற வேண்டும்.

மாணவர்களே, இப்பணியில் உங்களுக்கும் பங்குண்டு. உங்கள் ஊர்ச் சாலையோரம் ஒரு மரநிழலில் அமர்ந்து, ஒரு வாரம் வண்டிகளை எண்ணுங்கள். குழிகளை அளந்து எழுதுங்கள். நீர் வடியும் ஓடை தூர்ந்திருந்தால் அதையும் குறியுங்கள். அக்குறிப்பை அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபையில் பெரியவர்கள் வாயிலாக வையுங்கள். முறையீடு காற்றோடு போகலாம். கணக்கோடு வைத்த முறையீட்டுக்கு விடை சொல்லியாக வேண்டும்.