முதியோர் இல்லவாசிகளுக்கான தகவமைத்த உடற்பயிற்சியும் விழுதல் தடுப்பும்
முதியோர் இல்லத்தில் ஒருவர் விழுந்துவிட்டால், அதன்பின் அவரை இயன்றவரை நாற்காலியிலேயே இருத்திவைப்பது பாதுகாப்பெனக் கருதப்படுகிறது. உடலியங்கியல் நோக்கில் இதன் விளைவு நேர்மாறானது. பயன்பாடற்ற தொடைத்தசை மெலிகிறது. இருக்கையிலிருந்து எழுவது கடினமாகிறது. அடுத்த முறை எழ முயலும்போது விழும் வாய்ப்புக் கூடுகிறது. மிக முதிய அகவையில் இழந்த வலிமை மீளாது என்னும் எண்ணம் இவ்வழக்கத்திற்குத் துணைநிற்கிறது.

அவ்வெண்ணம் பிழையென மரியா ஃபியாடரோன் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வாழ்ந்த, சராசரி அகவை 90 உடைய பத்துப் பேர் எட்டு வாரங்கள், வாரம் மூன்று நாள், பாரத்தை எதிர்த்து முழங்காலை நீட்டிப் பழகினர். ஒருமுறை மட்டுமே தூக்கவல்ல உச்ச அளவின் 80 விழுக்காடு வரை பாரம் உயர்த்தப்பட்டது. பயிற்சியை நிறைவுசெய்த ஒன்பதின்மரின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் ஊன்றுகோலின்றி நடந்தனர். எனினும், பயிற்சி நின்ற நான்கே வாரங்களில் உச்ச வலிமையில் 32 விழுக்காடு குறைந்தது. இக்குழுவினரே 1994இல் நூறு பேரிடம் செய்த ஆய்வில், பயிற்சியின்றித் தரப்பட்ட ஊட்டப்பானம் மட்டும் தசை வலிமையைக் கூட்டவில்லை.

வலிமை கூடுவதும் விழுதல் குறைவதும் ஒன்றல்ல. இரண்டையும் இணைத்த சான்று ஆஸ்திரேலியாவின் சன்பீம் ஆய்விலிருந்து (2018) கிடைக்கிறது. 16 இல்லங்களைச் சேர்ந்த, சராசரி அகவை 86 உடைய 221 பேர் அதில் பங்கேற்றனர். படிப்படியாகக் கடினமாக்கப்பட்ட தசைப்பயிற்சியையும் சமநிலைப் பயிற்சியையும் 25 வாரங்களில் 50 மணிநேரம் பெற்ற இல்லங்களில், வழக்கமான பராமரிப்பு மட்டும் அளித்த இல்லங்களைவிட விழுதல் வீதம் 55 விழுக்காடு குறைவாக இருந்தது.

ஆகவே 'தகவமைத்தல்' என்பது பயிற்சியை எளிதாக்கி, அமர்ந்தபடி கையசைப்பதோடு நிறுத்துவதன்று. இருக்கையின் உயரம், பிடித்துக்கொள்ளும் கம்பி, தொடக்கப் பாரம் ஆகியவை ஆளுக்கேற்ப மாறலாம். முயற்சியின் கடுமை படிப்படியாக உயர வேண்டும். எழும்போது இரத்த அழுத்தம் தாழ்பவரைச் சற்று அமரவைத்தே நிற்கச் செய்தல் வேண்டும். மறதிநோய் உள்ளவருக்குச் சொல்விளக்கத்தைவிடச் செய்துகாட்டலே பயன்தரும். நின்று செய்யும் சமநிலைப் பயிற்சியின்போது கைக்கெட்டும் தொலைவில் பணியாளர் ஒருவர் நிற்பது இன்றியமையாதது. பெரும்பாலும் இதற்கான ஆள் இல்லாமையே நாற்காலியை நிலையான தீர்வாக்குகிறது. சன்பீம் திட்டத்திலும் 25 வாரங்களுக்குப்பின் பயிற்சி கைவிடப்படவில்லை. மேலும் ஆறு மாதங்கள் பராமரிப்புப் பயிற்சி தொடர்ந்தது.