கூப்பிட்ட குரலுக்கு வரும் நாய்

திருப்பூரில் நாய் வளர்ப்பவர்களின் கஷ்டம் தனி ரகம். பனியன் கம்பெனிகளும் கோடவுன்களும் நெருக்கி நிற்கும் சந்துகளில், ஷிப்டு மாறும் வேளையில் இரு சக்கர வாகனங்களும் பண்டல் ஏற்றிய டெம்போக்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் தெருக்களில், ஆறு மாதக் குட்டியைச் சங்கிலியிலிருந்து அவிழ்ப்பது நினைத்தும் பார்க்கக்கூடாத காரியமாகையால், வாரம் ஆறு நாளும் மாடிப்படிக்குக் கீழே கட்டுண்டு கிடக்கும் அந்தப் பிராணி, ஞாயிற்றுக்கிழமை காங்கயம் பக்கத்திலோ தாராபுரம் பக்கத்திலோ உள்ள சொந்தக்காரர் தோட்டத்தில் அவிழ்த்து விடப்பட்டதும், எஜமானர் என்று ஒருவர் உலகத்தில் உண்டு என்பதையே மறந்து ஓடுவதில் ஆச்சரியமில்லை. பிறகு குடும்பம் முழுவதும் வேலியோரமாக நின்று ‘டைகர், டைகர்’ என்று கத்தும்; டைகர் திரும்பியும் பாராது.

அந்த வட்டாரத்தில் இதை வேடிக்கை என்று விட்டுவிட முடியாது. காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பிரதேசத்து மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். மழை குறைந்த அந்தச் சரளை மண்ணைக் கொங்குக் குடியானவர்கள் சில ஏக்கர் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் முள்கிளுவையால் உயிர்வேலி போட்டு அடைத்து, ஒரு துண்டில் கொழுக்கட்டைப் புல் தீர்ந்ததும் அடுத்ததற்கு மாடுகளையும் செம்மறிகளையும் மாற்றி, தலைமுறை தலைமுறையாக மேய்த்து வந்திருக்கிறார்கள். வேலி நெருக்கமாக இருப்பதால் கூடவே ஆள் நிற்கவேண்டியதில்லை. படலைச் சாத்திவிட்டுத் தம் ஜோலியைப் பார்க்கப் போய்விடலாம். அந்த நிம்மதிதான் இப்போது கெட்டுப்போயிருக்கிறது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் இந்தப் பக்கத்துப் பட்டிகளில் நாய்கள் கூட்டமாகப் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறியதும், விவசாயிகள் செத்த ஆடுகளை நடுரோட்டில் கிடத்தி நஷ்டஈடு கேட்டு மறியல் செய்ததும் பத்திரிகை வாசகர்கள் அறிந்ததே. இத்தனைக்கும் பிறகு, ஓடி வருவது தெரு நாயா, யாரோ ஆசையாக வளர்க்கும் நாயா என்று விசாரிக்கும் பொறுமை ஆட்டுக்காரருக்கு இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கூப்பிட்டும் வராத நாயைத் திமிர் பிடித்தது என்பார்கள். அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் விவகாரம் வேறு மாதிரி தோன்றும். நாள் கணக்காகக் கட்டிக் கிடந்த பிராணிக்கு ஓணான் ஓடிய தடமும் எலி வளையின் வாசனையும் கிடைத்திருக்கிற சமயத்தில், பெயர் சொல்லி ஒரு குரல் வருகிறது. நம்பிப் போனால் கழுத்தில் சங்கிலி ஏறுகிறது, அத்தோடு அன்றைய சந்தோஷம் தீர்ந்தது. தயங்கித் தாமதித்துப் போனாலோ, முதுகில் ஒன்று விழுகிறது. அடித்தவர், ஓடிப்போனதற்குத் தண்டனை கொடுத்ததாக எண்ணிக்கொள்கிறார். நாய் கடைசியாகச் செய்த காரியமோ திரும்பி வந்ததுதான், ஆகவே வந்ததற்கே அந்த அடி என்று அதன் கணக்கு முடிந்துவிடுகிறது. எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்கர் 1898இல் பூனைகளையும் நாய்களையும் தாழ்ப்பாள் போட்ட பெட்டிகளில் அடைத்துச் செய்த பரீட்சைகளில் கண்டதும் இதுவே: எந்தச் செய்கையின் பலன் இனிமையோ அது நிலைக்கும், கசப்பானது கழன்றுபோகும். வராமலிருக்கும் வித்தையை நாய்க்குப் போதித்த குரு பெரும்பாலும் நாமேதான்.

ஆகையால் பயிற்சியைத் தோட்டத்துக்குப் போகும் முன்பே, சமையலறை வாசற்படியில் ஆரம்பிக்க வேண்டும். வீட்டார் வாயில் நாள் முழுவதும் அடிபட்டுத் தேய்ந்துபோன பெயரை விட்டுவிட்டு, அழைப்புக்கென்று தனிச் சத்தம் ஒன்றை ஒதுக்கி வைப்பது நலம். நான் சிபாரிசு செய்வது சாதாரண விசில். யார் ஊதினாலும் ஒரே மாதிரி ஒலிக்கும், தூரத்துக்குக் கேட்கும், எல்லாவற்றுக்கும் மேலாக விசிலுக்குக் கோபம் வராது. முதலில் சில நாட்கள் விசில் ஊதுவதும், ஊதிய கையோடு வேகவைத்த கோழி ஈரலில் சுண்டுவிரல் நகமளவு ஒரு துண்டு கொடுப்பதும் போதும். பிறகு அடுத்த அறையிலிருந்து, அப்புறம் மொட்டை மாடியில், அப்புறம் கேட்டைச் சாத்திய வாசலில். வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே ஊதவேண்டும். வராத இடத்தில் ஊதி ஊதிப் பார்ப்பது, அந்தச் சத்தத்துக்கு அர்த்தமில்லை என்று பாடம் நடத்துவதாகும்.

வெளியிடத்துக்குப் போகையில் முப்பது அடி நீளத்தில் ஒரு கயிறு வேண்டும். கட்டிங் டேபிளுக்கு அடியில் குவியும் பனியன் வேஸ்டை முறுக்கியே கயிறாக்கிவிடலாமே என்று திருப்பூர்க்காரர் யாருக்கும் தோன்றும். கூடாது. பனியன் துணியைப் பட்டையாக வெட்டி இழுத்தால் இரு ஓரங்களும் சுருண்டுகொண்டு நெடுக நீளும். நாய் பாய்கிற வேகத்தில் அந்த நீட்சியே நம் கையை ஏமாற்றிவிடும். வேஸ்டை மூன்று புரியாகப் பின்னி, வந்து சேர்ந்த நாயோடு இழுத்து விளையாட வைத்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் பொம்மைகள் அதற்கு ஈடாகா. கயிற்றுக்கு நீளாத தட்டை நைலான் நாடாவே உத்தமம். ஓட்டத்தில் திடீரென்று தடைப்படும்போது குரல்வளை நெரியாதபடி அதை நெஞ்சைச் சுற்றிய பெல்ட்டில் மாட்டவேண்டும். நாயைக் கயிற்றால் இழுத்து வரவழைப்பது நோக்கமல்ல. ஓடிப்போவதில் அது ஜயிக்காமல் பார்த்துக்கொள்வதே நோக்கம்.

ஆடு மாறிப்போய்க் காலியாயிருக்கும் கொறங்காட்டை, உடையவரிடம் கேட்டுக்கொண்டு, இந்தப் பழக்கத்துக்கு உபயோகிக்கலாம். ஈரலைக் கொடுக்கும்போது மறு கையால் கழுத்துப் பட்டையைத் தொட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால், கைக்கு எட்டாத தூரத்தில் நின்று கழுத்தை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டு நழுவும் சாமர்த்தியம் எந்தக் குட்டிக்கும் சீக்கிரமே வந்துவிடும். தொட்டானதும், சங்கிலி போடாமல், ‘போ’ என்று மறுபடி ஓடவிட வேண்டும். பத்தில் ஒன்பது தடவை இப்படியே. அதிகம் பிரியமான காரியத்தைச் சன்மானமாக வைத்து, குறைந்த பிரியமுள்ள காரியத்தைச் செய்விக்கலாம் என்று டேவிட் பிரிமாக் 1959இல் எழுதினார். எலி வளையை மோந்து பார்ப்பதுதான் பிரியமென்றால், நம்மிடம் வந்து போவதே அந்த வளைக்கு வழியாகிவிடுகிறது.

இவ்வளவு பாடுபட்ட பிறகும் எட்டாம் மாதத்தையொட்டி எல்லாம் பாழாய்ப் போனதாகத் தோன்றும் ஒரு காலம் வரும். இங்கிலாந்தில் நியூகாசில் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பழக்கும் நாய்கள், ஐந்தாம் மாதத்தைக் காட்டிலும் எட்டாம் மாதத்தில் ‘உட்கார்’ என்ற கட்டளைக்கு வளர்ப்பவரிடம் குறைவாகவே கீழ்ப்படிந்தன. அந்நியர் சொன்னால் கேட்டன! வீட்டில் பிராயமடையும் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அந்தச் சில மாதங்கள் பழைய கயிற்றை மறுபடி எடுத்துக்கொள்வதில் அவமானம் ஒன்றுமில்லை.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஜாதிகளின் விஷயம் இன்னும் கடினம். கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே பல தலைமுறைகளாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை அவை. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முயல் வேட்டை குற்றமாகிவிட்ட செய்தி அவற்றின் கால்களுக்கு இன்னும் எட்டவில்லை. ஓட்டம் பிடித்தபின் விசில் அவற்றின் காதில் ஏறாது. காது நிமிர்ந்து, வாலசைவு நின்று, உடம்பு விறைக்கிற அந்த அரை விநாடியில் ஊதினால்தான் பலன் உண்டு. ஆகவே அவிழ்த்துவிட்டவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு நிற்கலாகாது.

அவிழ்க்கவே கூடாத இடங்களும் உண்டு. 2022இல் பறவைகள் சரணாலயமாகி 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்ட நஞ்சராயன் குளக்கரை அப்படிப்பட்டது. ஆடு மேய்ந்துகொண்டிருக்கும் எந்தக் காடும் அப்படிப்பட்டதே. ஒருக்கால் கயிறு கைநழுவிப் போனால் பின்னாலே ஓடாதீர்கள். அதை நாய் விளையாட்டென்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டும். எதிர்த் திசையில் ஓடி, விசிலை ஒரே ஒரு தடவை ஊதி, தரையில் குந்தி உட்காருங்கள். வந்ததும், எவ்வளவு தாமதமாக வந்திருந்தாலும், முதலில் ஈரல்; ஆட்டுக்காரரிடம் பேசவேண்டியது ஏதேனும் இருந்தால் அதற்குப் பிறகு.